டாரிசெல்லி நினைத்ததும் அவருக்குக் கிடைத்ததும்

அன்புள்ள ஐயா,

காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானியைக் கண்டுபிடித்தவர் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வெற்றிடத்தைப் பற்றி ஆராயப்போன இடத்தில் அக்கருவி தற்செயலாக அமைந்துவிட்டது என்று அண்மையில் ஓர் உரையில் கேட்டேன். வானிலை மாற்றத்தை அளக்கும் எண்ணம் அவருக்கு உண்மையிலேயே இருந்ததா?

ரா.

அன்புள்ள ரா.,

எண்ணம் இருந்தது, அதற்கேற்ற கருவிதான் அவருக்கு அமையவில்லை. வெற்றிடத்தை உண்டாக்கிக் காட்டுவது மட்டும் தம் நோக்கமன்று, காற்று கனப்பதையும் இலேசாவதையும் காட்டும் ஒரு கருவியைச் செய்வதே நோக்கம் என்று 1644 ஜூன் 11 அன்று ரோமிலிருந்த நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில் டாரிசெல்லி தெளிவாகச் சொல்கிறார். காற்றுக்கடலின் அடியில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்ற புகழ்பெற்ற வரியும் அக்கடிதத்தில்தான் வருகிறது. அவ்வரியை எடுத்தாளும் பலர் அதன் பிற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். தம் முதன்மை நோக்கம் கைகூடவில்லை, குழாயின் உச்சியில் காற்று நிறைந்திருந்தால் எப்படியோ அப்படியே பாதரச மட்டம் வெப்பத்துக்கும் குளிருக்கும் ஏற்ப மாறுகிறது என்று அவரே அங்கு ஒப்புக்கொள்கிறார்.

அங்கே உண்மையிலேயே சிறிது காற்று இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்துக்குள் கவிழ்த்தால், வெளிக்காற்றின் அழுத்தம் தாங்குவதால் அது ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்; அழுத்தம் குறைந்தால் இறங்கும். ஆனால் கண்ணாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் காற்றும் ஈரமும் மேலே வெற்றிடம் உண்டானதும் பிரிந்துபோய் அங்கே தங்கி, சூட்டில் விரிந்து பாதரசத்தைக் கீழே தள்ளும். 1648 செப்டம்பரில் அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பிரான்சின் புய் தெ தோம் மலையுச்சிக்குக் குழாயைக் கொண்டுபோய் அளந்தபோது சுமார் எட்டரை சென்டிமீட்டர் இறக்கம் கண்டார். அத்தனை பெரிய மாற்றத்தில் இந்தப் பிழை மறைந்துபோகும். அன்றாட வானிலையின் சில மில்லிமீட்டர்களில் மறையாது.

இதைத் தீர்த்தது கோட்பாடன்று, கைவேலை. குழாயில் பாதரசத்தை ஊற்றி, மூடிய முனையிலிருந்து தொடங்கிக் கரித்தணலின் மேல் சிறிது சிறிதாக நகர்த்திக் கொதிக்கவைத்தால், சுவரில் ஒட்டியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறிப் பாதரசம் கண்ணாடியோடு பிசிறில்லாமல் பொருந்தும். குழாய் வெடிப்பதும் உண்டு. பாதரச ஆவியோ நஞ்சு. ஜெனீவாவைச் சேர்ந்த டெலூக் 1772-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை வலியுறுத்தியதோடு, பாதரசமே சூட்டில் விரிவதைத் தனியே கணக்கிட்டுக் கழிக்கவும் வழி சொன்னார். பத்து டிகிரி செல்சியஸ் சூடேறினால் அவ்விரிவு மட்டும் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர்.

எஞ்சியது அளவுகோலின் தொடக்கப்புள்ளி. குழாயில் மட்டம் இறங்கினால் கீழ்த்தொட்டியில் அது ஏறிவிடும், உயரத்தை அளக்கத் தொடங்கும் இடமே மாறிவிடும். 1800-ஐ ஒட்டிப் பாரிஸில் ஃபோர்த்தான் செய்த பாரமானியில் தொட்டியின் அடிப்பகுதி தோலால் ஆனது. அடியிலுள்ள திருகைச் சுழற்றி, மேலிருந்து நீளும் தந்த முனை பாதரசத்தில் தெரியும் தன் பிம்பத்தைத் தொடும்வரை மட்டத்தை உயர்த்திவிட்டு அளவைப் படிப்பார்கள்.

நீங்கள் கேட்ட உரையில் ஆள் மாறியிருக்கலாம். 1640-ஐ ஒட்டி ரோமில் தம் வீட்டுச் சுவரோரம் நெடிய ஈயக் குழாயை நிறுத்தி, அதில் நீரை நிரப்பிச் சோதித்த பெர்ட்டியின் அக்கறை வெற்றிடத்தைப் பற்றியதுதான். வானிலை அவர் சோதனையில் இல்லை.