இஸ்தான்புல் பஜாரில் எதற்குப் பேரம் பேசலாம்?

கேள்வி: அடுத்த மாதம் இஸ்தான்புல் போகிறோம். கிராண்ட் பஜாரில் எதை எடுத்தாலும் பாதி விலைக்குக் கேட்கச் சொல்கிறார்கள். நகைக்கும் கம்பளத்துக்கும் அது சரிவருமா?
- வாசகி, திருச்சி

பதில்: நகைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அங்கேயும் அன்றைய தங்க விலையை எடையால் பெருக்கி, மேலே செய்கூலி போடுவார்கள். தங்க விலை குறையாது, பேரம் செய்கூலியில்தான். அதனால் முதலில் உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையையும், பிறகு செய்கூலியையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் எதில் குறைத்தார்கள் என்றே தெரியாது.

காரட்டை அங்கே 'அயார்' என்பார்கள். 14, 18, 22 மூன்றும் விற்பனையில் உண்டு. முத்திரை 585, 750, 916. பத்து கிராம் 14 காரட் வளையலில் சுத்தத் தங்கம் 5.85 கிராம்தான், 22 காரட்டில் 9.16. 'இங்கே மலிவு' என்று தோன்றினால் முதலில் முத்திரையைப் பாருங்கள். இன்னொன்று: இந்தியச் சுங்கத்தில் நகைக்கென்று உள்ள தனிச் சலுகை (பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20) ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமே. பத்து நாள் சுற்றுலாவுக்குக் கிடையாது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கம்பளத்தில் பேரத்துக்கு நிறைய இடமுண்டு. ஆனால் சரக்கைத் தெரிந்துகொண்ட பிறகே விலைக்குப் போங்கள். முதல் வேலை, கம்பளத்தைத் திருப்பிப் போடுவது. கையால் முடிச்சுப் போட்டு நெய்தது என்றால் முன்பக்கக் கோலம் பின்னாலும் அப்படியே தெரியும், முடிச்சுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குஞ்சத்தைப் பிரித்துப் பாருங்கள்: பாவு நூலே (கம்பளத்தின் நீளவாட்டு நூல்) நீண்டு குஞ்சமாகியிருக்க வேண்டும். தனியே தைத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இயந்திரச் சரக்கு. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, சாயம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். 'பட்டு' என்று சொன்னால் உதிரி இழை ஒன்றைக் கேட்டு வாங்கி எரிக்கச் சொல்லுங்கள். பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். பருத்தி, விஸ்கோஸ் (செயற்கைப் பட்டு) என்றால் காகிதம் எரிந்த வாசனை.

தேநீர் கொடுப்பார்கள், தாராளமாகக் குடியுங்கள். அதனால் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன விலைக்குக் கடைக்காரர் சரி என்ற பிறகு பின்வாங்குவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா, லிராவா என்று கேட்டால் லிராவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போய்விடும்.

கேள்வி: எமினோனு மசாலா பஜாரில் குங்குமப்பூ வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: வாங்கலாம், பெயரைக் கேட்டு. 'துருக்கிக் குங்குமப்பூ' என்று மலிவாகக் குவித்து வைத்திருப்பது பெரும்பாலும் குசும்பாப்பூ என்ற வேறு பூ. அசல் இழையின் ஒரு முனை எக்காளம்போல் விரிந்திருக்கும். நாலு இழையை வெதுவெதுப்பான நீரில் போட்டால் மெதுவாக மஞ்சள் இறங்கும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்டதும் நீர் சிவந்தால் சாயம்.

கேள்வி: கிராண்ட் பஜாருக்கு எந்த நாளில் போவது?
- வாசகி, ஈரோடு

பதில்: ஞாயிறு விடுமுறை, மதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். டி1 டிராமில் 'பெயாசித்' நிறுத்தத்தில் இறங்குங்கள். 60-க்கு மேற்பட்ட தெருக்கள் உள்ளே இருக்கின்றன. நுழைந்த வாசலின் பெயரைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழங்காசு, தொல்பொருள் எதையும் வாங்காதீர்கள். நாட்டைவிட்டு எடுத்துப்போவது துருக்கிச் சட்டப்படி குற்றம்.