வாசகர் கேள்வி-பதில்: சமையலறையில் இ.எல்.சி.பி. ஏன் விழுகிறது?

கேள்வி: இரண்டு மாதமாகத் தொடாமல் இருந்த மின்சார ஓவனைப் போட்டால், சில நொடிகளில் இ.எல்.சி.பி. விழுந்துவிடுகிறது. நாலைந்து முறை தூக்கிவிட்ட பிறகு ஒழுங்காக ஓடுகிறது. பழுது ஓவனிலா, இ.எல்.சி.பி.யிலா?

பதில்: ஓவனில்தான். எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கிறது. (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்தான் இ.எல்.சி.பி. இன்றைய பெட்டிகளில் இருப்பது அதே வேலையைச் செய்யும் ஆர்.சி.சி.பி. பழைய பெயரே பேச்சில் நிலைத்துவிட்டது.)

எலிமென்ட் என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே சூடாகும் கம்பிச் சுருள். கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும்வரை இந்தப் பொடி அருமையான இன்சுலேஷன். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழாயின் இரு முனைகளிலும் உள்ள சீல் சூட்டில் விரிசல் விட்டால், அடுப்பு சும்மா கிடக்கும் வாரங்களில் ஈரம் மெல்ல உள்ளே போய்விடும். மறுபடி போடும்போது கம்பியிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து எர்த்துக்கும் மின்சாரம் கசிகிறது. எலிமென்ட் சூடேறியதும் ஈரம் ஆவியாகிறது, கசிவும் நின்றுவிடுகிறது. நாலைந்து முறை தூக்கிவிட்டதும் ஓடுவது இதனால்தான்.

30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் இடையே எங்கேயும் விழலாம், தரவிதி அதை அனுமதிக்கிறது. 230 வோல்ட்டில் இன்சுலேஷன் தடை 15,000 ஓமுக்கு இறங்கினால் கசிவு 15 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் இருந்தால் கால் மில்லி ஆம்பியர்கூட வராது.

சாதாரண மல்டிமீட்டரால் இதைப் பிடிக்க முடியாது. அது சோதிப்பது சில வோல்ட்டில்தான், ஈர எலிமென்ட்டைக்கூட நல்லது என்று காட்டிவிடும். இன்சுலேஷன் தடையை 500 வோல்ட்டில் அளக்கும் மெக்கர் என்ற மீட்டர் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓவனின் குமிழ்களைச் சூடேறும் நிலைக்குத் திருப்புங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) இணைப்பைத் துண்டித்திருந்தால் எலிமென்ட் சோதனைக்கு வராமல் போகலாம். ஃபேஸ், நியூட்ரல் பின்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மேல் எலிமென்ட், கீழ் எலிமென்ட், விசிறியைச் சுற்றியுள்ள வளையம் என்று ஒவ்வொன்றின் இரு கம்பிகளையும் கழற்றித் தனித்தனியாக அளந்து பாருங்கள். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த மாடல்களில் மின்சாரம் இல்லாமல் ரிலே மூடாது, அதனால் எலிமென்ட் முனைகளிலேயே நேராக அளக்க வேண்டும்.

கசிவு கொஞ்சம்தான், ஆர்.சி.சி.பி. தாங்குகிறது என்றால், எர்த் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு குறைந்த சூட்டில் முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். காய்ந்துவிடும். உடனே விழுந்தால் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், எலிமென்ட்டைக் கழற்றித் தனியே காயவைக்க வேண்டும். சில வாரங்களில் திரும்பவும் வந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். புது எலிமென்ட் போடுவதுதான் வழி.

கேள்வி: ஓவனின் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டேன். ஆனாலும் கீசரைப் போடும்போது ட்ரிப் ஆகிறது. கீசரை மாற்றியும் பயனில்லை.

பதில்: கீசர் மேல் வீண்பழி விழுந்திருக்கிறது. பெரும்பாலான சுவர் சுவிட்சுகள் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் பிளக் வழியாக ஓவனோடு சேர்ந்தே இருக்கும். எலிமென்ட்டின் நியூட்ரல் முனை குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் நியூட்ரலும் எர்த்தும் அங்கே ஒட்டியே கிடக்கின்றன.

பெரிய சுமை ஓடாதபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் மிகக் குறைவு, அதனால் அப்போது எதுவும் தெரியாது. கீசர் போல 2,000 வாட் சுமை ஓடினால் நியூட்ரலின் வோல்ட் சற்று ஏறும். நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு ஓவன் வழியாக எர்த்துக்குப் பிரிந்து போய்விடும். 1 வோல்ட் வித்தியாசமும் பாதையில் 30 ஓம் தடையும் இருந்தாலே 33 மில்லி ஆம்பியர் ஆகிவிடுகிறது.

ஆகவே எந்தக் கருவி காரணம் என்று தேடும்போது சுவிட்சை அணைப்பது போதாது. எல்லாப் பிளக்குகளையும் கையால் பிடுங்க வேண்டும். எல்லாம் பிடுங்கிய பின்னும் விழுந்தால் பழுது வயரிங்கில். விழவில்லை என்றால் ஒவ்வொன்றாகச் சொருகி, அந்தக் கீசரையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் பகலில் தொல்லை தருவதில்லை. இரவில் எப்போதாவது விழுகிறது, காலையில் பார்த்தால் உள்ளே எல்லாம் உருகியிருக்கிறது.

பதில்: பனி படியாத ஃபிரிட்ஜ் என்றால் டீஃபிராஸ்ட் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடியதும் அந்த ஹீட்டர் சிறிது நேரம் வேலை செய்து குளிர்ச் சுருளின் பனியை உருக்கும். உருகிய நீர் அதன் மேலேயே சொட்டுவதால் முனைகளின் ரப்பர் உறை வெடித்தால் கசிவுதான். இந்தச் சுழற்சி கடிகார நேரத்தைப் பார்த்து வருவதில்லை, ஆகவே பகலிலும் ஒருநாள் விழும். மெக்கரை ஹீட்டரின் இணைப்பிலேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசரையும் அது சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நல்ல அளவு காட்டி ஏமாற்றிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு கருவியும் தனியாக ஓடுகிறது. பாத்திரம் கழுவும் மெஷின், இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் விழுகிறது.

பதில்: நல்ல கருவியிலும் கொஞ்சம் கசிவு உண்டு. மின்சத்தத்தை (கம்பியில் வரும் வேண்டாத மின் அலைகளை) வடிகட்ட ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சிறு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். 4.7 நானோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றே 230 வோல்ட்டில் 0.34 மில்லி ஆம்பியர் விடும். எர்த் உள்ள, மோட்டார் வைத்த நிலையான கருவிக்கு 3.5 வரை அனுமதியே உண்டு. நாலைந்து கருவி சேர்ந்தால் ஒன்றும் பழுதாகாமலே 10-ஐ நெருங்கலாம். மீதி இடைவெளியை ஸ்விட்ச் போடும்போது வரும் ஒரு துள்ளல் நிரப்பிவிடும்.

மில்லி ஆம்பியர் அளக்கும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரை ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சுற்றி மாட்டினால் மொத்தக் கசிவு தெரியும். 9-க்கு மேல் இருந்தால் சுமையைப் பிரியுங்கள். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்பதை மாற்றி, சமையலறையின் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி ஆர்.சி.பி.ஓ. (கசிவுக்கும் அதிகச் சுமைக்கும் சேர்த்தே விழும் சுவிட்ச்) போடுவது நிரந்தரத் தீர்வு. இன்வெர்ட்டர் மோட்டாரும் எலக்ட்ரானிக்ஸும் நிறைந்த கருவிகளுக்கு, சாதாரண மாறுமின் கசிவை மட்டுமே உணரும் ‘ஏ.சி. வகை’ ஆர்.சி.பி.ஓ. வேண்டாம். குறைந்தது ஏ வகை, முடிந்தால் எஃப் வகை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் ட்ரிப் ஆகாது என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். அல்லது 30-க்குப் பதில் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடலாமாம்.

பதில்: இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது, போக வழியில்லாமல் கருவியின் உடம்பிலேயே காத்திருக்கும். ஈரக் கையோடு அதைத் தொடுபவர்தான் வழியாவார். அப்போது ஆர்.சி.சி.பி. விழலாம், ஆனால் அதிர்ச்சி அவர் உடம்பில் பாய்ந்த பிறகுதான் விழும். 100 மில்லி ஆம்பியர் கருவி தீ விபத்தைத் தடுக்கவும், 30 மில்லி ஆம்பியர் கருவிகளுக்கு முன்னால், சற்றுத் தாமதித்து விழும் வகையாக வைக்கவும் பயன்படும். மனிதரைக் காக்கும் அளவு 30-தான்.

கேள்வி: டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்தப் பட்டன் ஒரு சிறு தடை வழியாக உள்ளேயே கசிவை உண்டாக்குகிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். உள்ளிருக்கும் இயக்கம் இறுகிப்போகவில்லை என்பதை மட்டுமே அது காட்டும், அதனால் அவ்வப்போது அழுத்துவது நல்லது. எர்த்தை அறிய சாக்கெட்டில் லூப் டெஸ்டர் (எர்த் பாதையின் தடையை அளக்கும் மீட்டர்) வைத்து அளக்க வேண்டும்.