கிறிஸ்துமஸ் விருந்துக்கு முதல் முறையாக மாட்டு விலா ரோஸ்ட் செய்யப்போகிறேன். விலை உயர்ந்த கறி. கெடுத்துவிடாமல் செய்வது எப்படி?

ஒரு முறை நன்றாகக் கெடுத்துவிட்டு, மறுமுறை ஒழுங்காகச் செய்தவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம்; கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தேங்காய்ப் பல்லும் மிளகும் போட்டுக் கறுக்க வறுத்த மாட்டுக்கறி இல்லாமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. குக்கரில் ஆறு விசில் வந்த பிறகுதான் அம்மா அதை வாணலிக்கே மாற்றுவார். இப்போது நான் இருப்பது டொரொண்டோவுக்குப் பக்கத்தில். மகள் கட்டியிருப்பது ஆல்பர்ட்டா மாகாணத்துப் பையனை. மாட்டுப் பண்ணைக்குப் பேர்போன இடம் அது. சம்பந்தி பண்ணையிலேயே வளர்ந்தவர். அவர்கள் முதன்முதலாகக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும், "பேசாமல் பிரியாணி போடுங்கள்" என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. அவர்கள் பழக்கப்படி பிரைம் ரிப் (விலா ரோஸ்ட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) செய்து அசத்துகிறேன் என்று கிளம்பினேன்.

மூன்று விலாத் துண்டு, மூன்றே கால் கிலோ, ஏறக்குறைய 150 டாலர். வழக்கம்போல் மஞ்சள் போட்டுக் கழுவினேன். இஞ்சி பூண்டு விழுதும் தயிரும் பூசி ஊறவைத்தேன். பவுண்டுக்கு 20 நிமிடம் என்று எங்கோ படித்த கணக்கை நம்பி ஓவனில் ஏற்றினேன். நேரம் முடிந்து கத்தியால் குத்தினால் சிவப்பாக நீர் வந்தது. பயந்துபோய் இன்னும் 40 நிமிடம் விட்டேன். மேசையில் வைத்து வெட்டும்போது ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரேவியை எடுத்து ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் மென்றார். மறுபடி ஊற்றினார். மூன்றாம் முறை அவர் கை நீண்டபோது, என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

நம் ஊர்க் கறி சமைத்துப் பழகிய கைதான் இங்கே முதல் எதிரி. நாம் குழம்புக்கு வாங்குவது தொடை, தோள் என்று மாடு நடந்து உழைத்த தசை. அதில் உள்ள சவ்வு கரைய நேரமும் நீரும் விசிலும் வேண்டும். முதுகை ஒட்டி விலாவின்மேல் படுத்திருக்கும் தசைக்கு அவ்வளவு வேலை கிடையாது. பிறவியிலேயே மென்மையான கறி அது. வேகவைத்து மிருதுவாக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கூட வேகவைத்தால் கெடுக்கத்தான் முடியும். 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் தசைப் புரதம் உறையத் தொடங்கும். 60ஐத் தாண்டினால் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளும். 70க்குப் போனால் நான் சம்பந்திக்கு வைத்ததுதான் கிடைக்கும். குத்தும்போது வந்த சிவப்பு நீர் இரத்தமும் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்கிற நிறப் புரதம் கலந்த நீர்.

அடுத்த பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை எனக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தந்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒயர் வைத்த வகை அது: ஊசி கறிக்குள் இருக்கும், எண் வெளியே தெரியும். நீங்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். 150 டாலர் கறிக்கு 30 டாலரில் காவல்காரன். வாங்கியதும் ஐஸ் கட்டி நிறைந்த தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்குவது. மாட்டுக்குப் பக்கத்துக்கு 13 விலா. ரோஸ்ட்டுக்கு வெட்டுவது 6 முதல் 12 வரை உள்ள ஏழு. இடுப்புப் பக்கத்து மூன்றில் (10, 11, 12) பெரிய தசை ஒன்றே முழுதாக வரும். வெட்டினால் துண்டு பார்க்க அழகாக இருக்கும். தோள் பக்கம் கொழுப்பு அதிகம், ஆனால் வெளி விளிம்பில் தொப்பிபோல் மூடியிருக்கும் தசை அங்கேதான் பெரிது. இந்த மாட்டிலேயே ருசியான இடம் அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். விருந்தாளிகளுக்காக இடுப்புப் பக்கம் வாங்கலாம், நமக்காகத் தோள் பக்கம் வாங்கலாம். ஒரு விலாவுக்கு இரண்டு பேர் என்று கணக்கு வையுங்கள். 'பிரைம் ரிப்' என்று எழுதியிருப்பதாலேயே அது பிரைம் தரம் ஆகிவிடாது. அது துண்டின் பெயர். தரம் தனியாக எழுதியிருக்கும். கனடாவில் பிரைமுக்கு அடுத்த தரம் மூன்று ஏ (AAA), அதுவே தாராளம். கறிக்கடைக்காரரிடம் எலும்பை வெட்டிப் பிரித்து, திரும்ப அதே இடத்தில் வைத்து நூலால் கட்டித் தரச் சொல்லுங்கள். பரிமாறும்போது நூலை அறுத்தால் எலும்பு தனியாக வந்துவிடும்.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள். மிருதுவாக்குவதற்காக இயந்திர ஊசியால் குத்திய கறி என்றால் 2014 முதல் கனடாவில் அதை எழுதியே ஆகவேண்டும். குத்தாத முழுத் துண்டில் கிருமி இருப்பது பெரும்பாலும் மேற்பரப்பில். அது ஓவன் சூட்டில் செத்துவிடும். ஊசி போட்டதென்றால் மேலே இருந்த கிருமி உள்ளே போயிருக்கும். அதை நடுச்சிவப்பாகச் சாப்பிடக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவாதீர்கள். நமக்கு இது மனது கேட்காது, தெரியும். என் அம்மாவிடம் சொன்னபோது "கழுவாத கறியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார், அதற்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. கழுவினால் கிருமி தொட்டியெங்கும் தெறிக்கும், கறியின் மேல்பக்கமும் ஈரமாகும். ஈரம் இருக்கும் வரை மேலே நிறம் ஏறாது. தண்ணீர் ஆவியாகி முடிந்த பிறகுதான் சிவந்து முறுகும். அதனால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, கிலோவுக்குச் சுமார் 10 கிராம் உப்பை எல்லாப் பக்கமும் தேய்த்து, கம்பித்தட்டின்மேல் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் விடுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரோடு கரைந்து உள்ளே இறங்கும். மேல்தோல் காய்ந்து கருவாட்டு நிறத்துக்கு வரும். அதைப் பார்த்துப் பயந்து துடைத்துவிடாதீர்கள், வேண்டியது அதுதான். மசாலா என்று பார்த்தால் ஓவனில் வைப்பதற்கு முன் கரகரப்பாகப் பொடித்த மிளகு மட்டும். தயிர், விழுது எல்லாம் வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடும் சூட்டில் வைத்துச் 'சாற்றைப் பூட்ட வேண்டும்' என்று பலர் எழுதியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்கிற ஜெர்மன் வேதியியலாளர் கிளப்பிவிட்ட கருத்து அது. எதுவும் பூட்டிக்கொள்வதில்லை. நான் செய்வது தலைகீழ். ஓவனை 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (120 செல்சியஸ்) வைத்து, ஊசி எலும்பைத் தொடாமல் கறியின் நட்டநடுவில் நிற்கும்படி செருகி, உள்ளே 50 செல்சியஸ் காட்டும் வரை விடுவேன். மூன்றே கால் கிலோவுக்கு எனக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடவே ஆனது. உங்களுக்கு மூன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். வெளியே எடுத்த பிறகும் சூடு மூன்று நான்கு டிகிரி தானாக ஏறும். 54, 55இல் நின்றால் அதுதான் அவர்கள் சொல்லும் மீடியம் ரேர், நடுவில் ரோஸ் நிறம் மாறாத பக்குவம்.

எடுத்ததை அலுமினியத் தாளால் தளர மூடி, ஒரு மணி நேரம் வரை கிடக்க விடலாம். விருந்து நாளில் இந்த இடைவெளி ஒரு வரம். ஓவன் காலியாகிவிடுமே! ட்ரேயில் வடிந்த கொழுப்பில் உருளைக்கிழங்கைப் புரட்டி வறுக்கலாம். முட்டை, பால், மைதா மூன்றையும் சம அளவு கலக்கி, புகையச் சூடான அதே கொழுப்பில் ஊற்றி யார்க்ஷயர் புடிங் செய்யலாம்; பணியாரக் குழியில் மாவு ஊற்றிய கைக்கு இது பிள்ளை விளையாட்டு. எல்லோரும் மேசைக்கு வந்த பிறகு ஓவனை 500 ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றி, கறியை எட்டு நிமிடம் உள்ளே தள்ளுங்கள். மேலே முறுகிச் சிவந்துவிடும். ஏற்கெனவே ஓய்வெடுத்த கறி என்பதால் உடனே வெட்டலாம். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நான் மறந்துபோய், புகை அலாரம் அலறி, சம்பந்தியம்மா நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிறினார்.

தொட்டுக்கொள்ள ஹார்ஸ்ராடிஷ் என்கிற வேரைத் துருவி, புளித்த கிரீமில் கலந்து வைப்பார்கள். கடுகுக் குடும்பம், கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே காரம். நம் நாக்குக்கு ரொம்பவே ஒத்துப்போகிறது.

அந்த இரண்டாம் முறை அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார், 78 வயது. சம்பந்தி வெட்டிப்போட்ட துண்டின் நடுவில் ரோஸ் நிறத்தைப் பார்த்துவிட்டு, "அறுத்தது அப்படியே இருக்கிறதே, அடுப்பில் வைத்தாயா இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார். உங்கள் மேசையிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்காக முழுக் கறியையும் கூட வேகவைக்க வேண்டியதில்லை. சிறு பாத்திரத்தில் கிரேவியைக் கொதிக்க வைத்து, அவர் துண்டை மட்டும் அதில் முக்கி ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் சிவப்பு மறைந்து பழுப்பாகிவிடும். கனடா அரசின் அறிவுரையே குறைந்தது 63 செல்சியஸ் என்பதால், வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கேட்காமலே இப்படித்தான் செய்கிறேன். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். "உப்பு சரியாக இருக்கிறது" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சம்பந்தி கிரேவிக் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

மிச்சம் விழுந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மறுபடியும் சாம்பல் நிறம் வந்துவிடும். குளிர்ந்தபடியே மெல்லிசாக அரிந்து ரொட்டிக்குள் வையுங்கள். விலா எலும்புகளை மட்டும் ஒருவருக்கும் கொடுத்தனுப்ப வேண்டாம். மறுநாள் காலையில் என் மனைவி அவற்றைச் சின்ன வெங்காயமும் மிளகும் மல்லியும் அரைத்துப் போட்டுக் குக்கரில் ஏற்றினாள். அதற்கு ஆறு விசில்.