வாசகர் கேள்விகள்: ஏன் பிரெட் ஹார்ட்?

சென்ற இதழில் ஒரு வாசகர், "உங்களுக்குப் பிடித்த டபிள்யூடபிள்யூஎஃப் வீரர் யார்?" என்று கேட்டிருந்தார். டபிள்யூடபிள்யூஎஃப் என்பது இன்று டபிள்யூடபிள்யூஇ என்கிற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி. "பிரெட் ஹார்ட்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. அரசியல், சினிமாக் கேள்விகள் எல்லாம் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். இந்த இதழ் முழுக்க இவருக்கே.

ச.மு., விருதுநகர்: அண்டர்டேக்கர் இருக்க, ஹல்க் ஹோகன் இருக்க, வீரர்களின் உயரம், எடை அச்சிட்ட ட்ரம்ப் கார்டு விளையாட்டுச் சீட்டில் உயரம் கேட்டாலும் எடை கேட்டாலும் தோற்கிற பிரெட் ஹார்ட்டா?

அந்தச் சீட்டில் தோற்கிறார் என்பதாலேயே பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆறடி உயரம், 106 கிலோ சொச்சம். அதுவும் அறிவிப்பாளர் சொல்லும் கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஹோகன் காலத்தில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு மெயின் மேட்ச் கனவே காண முடியாது. 1984-ல் உள்ளே வந்தவர், மச்சான் ஜிம் நைட்ஹார்ட்டுடன் ஜோடி சேர்ந்து வருடக்கணக்கில் டேக் டீம் என்கிற இருவர் ஜோடிச் சண்டையிலேயே கிடந்தார். ஜோடிப் பட்டம் 1987-ல் ஒரு தடவை, 1990-ல் ஒரு தடவை.

அப்புறம் உடம்பை ஊத வைக்கும் ஸ்டீராய்டு மருந்து விவகாரம் வெடித்தது. கம்பெனி மீது அமெரிக்க அரசின் விசாரணை திரும்பியது. ஊதிப் பெருத்த உடம்புகளை முன்னே நிறுத்த முடியாத நேரத்தில், சண்டை போடத் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. 1992 அக்டோபர் 12-ம் தேதி கனடாவின் சஸ்கட்டூன் நகரில் ரிக் ஃப்ளேரைத் தோற்கடித்து முதல் உலகப் பட்டம் வாங்கினார். அந்த மேட்சை டிவியில்கூடக் காட்டவில்லை. இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு சத்தமில்லாமல் அந்தக் கம்பெனி வேறு எப்போதாவது செய்ததா, தெரியாது. மொத்தத்தில் ஐந்து முறை அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது.

ஒரு வாசகி, கும்பகோணம்: எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த பொய்ச் சண்டை. இதில் நல்ல வீரர் என்ன, மோசமான வீரர் என்ன?

கூத்தில் துரியோதனன் சாகத்தான் போகிறான் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம் அம்மா?

யார் ஜெயிப்பது என்பது மட்டும்தான் பேசி வைத்தது. நூறு கிலோ உடம்பு தலைகீழாக விழுவது பேசி வைத்த விழுகை என்றாலும் கழுத்துக்கு அது தெரியாது. எதிராளி தன் உடம்பை உங்கள் கையில் ஒப்படைக்கிறார். பார்க்கிறவனுக்கு உயிர் போகிற மாதிரி இருக்க வேண்டும், அவரோ மறுநாள் இன்னொரு ஊரில் ஆட வேண்டும். பிரெட்டின் கர்வம் முழுக்க இந்த இடத்தில்தான். தன்னால் எந்த எதிராளிக்கும் பெரிய காயம் ஏற்பட்டதில்லை என்பதைப் பட்டங்களைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொள்வார்.

ஒரு உதாரணம். 1991 ஆகஸ்ட், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிராளி மிஸ்டர் பெர்ஃபெக்ட் முதுகில் கடுமையான காயத்தோடு வந்திருந்தார். அந்த முதுகை வைத்துக்கொண்டு ஒரு மேட்ச் ஆடி, உலகப் பட்டத்துக்கு அடுத்தபடியான இன்டர்கான்டினென்டல் பட்டத்தை பிரெட்டிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்று அதைப் போட்டுப் பாருங்கள், முதுகு வலிக்காரர் யார் என்று கண்டுபிடிப்பது சிரமம்.

அடுத்த வருடம் லண்டன் வெம்ப்ளி மைதானம். 80,000 பேர் என்று அறிவித்தார்கள். எதிராளி சொந்தத் தங்கை டயானாவின் கணவர், பிரிட்டிஷ் புல்டாக். ஆரம்பித்த சில நிமிடத்தில் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கி, திட்டமிட்டது எல்லாம் மறந்துபோய்விட்டது என்று பிரெட் பிறகு சொன்னார். அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காதில் சொல்லிச் சொல்லியே மேட்சை நடத்தி, கடைசியில் மாப்பிள்ளையிடம் தோற்கவும் செய்தார். கைதட்டு முழுக்க அவருக்கு, வேலை முழுக்க இவருக்கு.

தி.ஜெ., நாகர்கோவில்: அவர் அப்பாவின் வீட்டு நிலவறையில் பயிற்சி, அலறல் சத்தம் என்றெல்லாம் படித்தேன். உண்மையா?

உண்மைதான். கனடாவின் கால்கரி நகரில் ஒரு மேட்டின் மேல் பெரிய செங்கல் வீடு. அப்பா ஸ்டு ஹார்ட் 'ஸ்டாம்பீட் ரெஸ்லிங்' என்ற கம்பெனியை நடத்தியவர். பன்னிரண்டு பிள்ளைகள், எட்டு ஆண், நான்கு பெண். மகன்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்தத் தொழிலில் இருந்தார்கள். மகள்கள் நால்வரும் மல்யுத்த வீரர்களையே கட்டிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் சண்டைக்குப் பழக்கிய கரடி ஒன்றும் அந்த வீட்டோடு இருந்தது. சிறுவனாக இருந்தபோது கால் விரலில் ஐஸ்க்ரீமைச் சொட்டவிட்டு அதை நக்க வைப்போம் என்று பிரெட் சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் பூனைக்குட்டிக்கே இடமில்லை.

நிலவறைக்கு 'டஞ்சன்' என்று பெயர். தாழ்ந்த கூரை, தரையில் பாய் மெத்தை. வீரனாக வேண்டும் என்று வந்து நிற்கும் முரட்டுப் பையன்களை ஸ்டு அங்கே கூட்டிப்போய், பிடி போட்டு அலற வைப்பார். தாக்குப்பிடித்தவன் மறுநாளும் வருவான்.

ஆனால் கட்டுரைகளில் அதிகம் வராத விஷயம் ஒன்று உண்டு. அப்பாவிடம் கற்றது பிடியும் வலியும். எப்படி விழுவது, எப்படி அடிபடாமல் அடி வாங்குவது என்று பிரெட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கால்கரியில் இருந்த இரண்டு ஜப்பானிய வீரர்கள், மிஸ்டர் ஹிட்டோவும் கசுவோ சகுராடாவும். மேலே வெம்ப்ளி கதை சொன்னேனே, அதற்கான விதை இவர்கள் போட்டது.

ம.கு., தஞ்சாவூர்: பிங்க் கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு எப்படி சார் வீரம் காட்டினார்?

கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைந்த வெள்ளிக் கண்ணாடி. சண்டைக்கு முன்னால் அதைக் கழற்றி முன்வரிசையில் இருக்கும் ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார். பிங்க்கை யாரும் கேலி செய்ததாக ஞாபகம் இல்லை. கேலி செய்தவன் கதி என்ன என்பது அடுத்த கேள்வியில் வருகிற குத்தில் தெரியும்.

அ.ர., சேலம்: 1997-ல் மாண்ட்ரியலில் என்ன நடந்தது? முதலாளியே ஏமாற்றினார் என்கிறார்களே, அதுவும் நாடகம்தானா?

இந்த ஒரு கேள்வியைப் பன்னிரண்டு ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1996-ல் எதிர்க் கம்பெனி டபிள்யூசிடபிள்யூ மூன்று வருடத்துக்கு சுமார் 90 லட்சம் டாலர் தருகிறேன் என்று பிரெட்டைக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. முதலாளி வின்ஸ் மெக்மேன் நீட்டிய 20 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் முடிவதற்குள் மெக்மேனே கூப்பிட்டு, இவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகாது, அங்கேயே பேசிப் பார் என்றார். பேசினார், பழைய வாய்ப்பு மறுபடி கிடைத்தது. ஆனால் கிளம்பும் நேரத்தில் உலகச் சாம்பியன் பெல்ட் இவர் இடுப்பில் இருந்தது.

போகிறவர் தோற்றுவிட்டுப் போவதுதான் தொழில் வழக்கம். தோற்க வேண்டியது ஷான் மைக்கேல்ஸிடம், அதுவும் பிரெட்டின் சொந்த நாடான கனடா மண்ணில். இருவருக்கும் நிஜ வாழ்விலேயே ஆகாது. 'தேவைப்பட்டால் உன்னிடம் தோற்க எனக்குத் தயக்கமில்லை' என்று பிரெட் சொன்னபோது, 'உனக்காக நான் அதைச் செய்ய மாட்டேன்' என்று ஷான் பதில் சொன்னதாக பிரெட் சொல்கிறார். ஷானும் இதை மறுக்கவில்லை. அன்றைக்கே பிரெட் முறுக்கிக்கொண்டுவிட்டார். வேறு எங்கு வேண்டுமானாலும் தோற்கிறேன், இங்கே மட்டும் வேண்டாம் என்றார். கடைசி 30 நாளில் தன் பாத்திரம் என்ன செய்யும் என்பதில் நியாயமான அளவு உரிமை அவருக்கு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. மேட்ச் குழப்பத்தில் முடியும், மறுநாள் பெல்ட்டை மரியாதையாக ஒப்படைப்பார் என்று பேசி முடித்தார்கள்.

நவம்பர் 9, மோல்சன் சென்டர். பேசி வைத்தபடியே ஷான், பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை பிரெட் மீதே போடுகிறார். இவர் அதிலிருந்து விடுபட வேண்டும். அதற்குள் களத்தோரம் நின்ற மெக்மேன் மணியடிக்கச் சொல்கிறார். ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னரும் கை காட்டிவிட்டு ஓடுகிறார். 'என் பிள்ளைகள் மேல் சத்தியம், அப்படிச் செய்ய மாட்டேன்' என்று முன்னதாக பிரெட்டிடம் வாக்குக் கொடுத்திருந்த அதே ஹெப்னர். பிரெட் தோற்றதாக அறிவிப்பு. அவர் மெக்மேன் முகத்தில் துப்பினார், மானிட்டர்களை அடித்து நொறுக்கினார், காற்றில் விரலால் எதிர்க் கம்பெனியின் பெயரை எழுதிக் காட்டினார். அப்புறம் உள்ளே லாக்கர் ரூமில் மெக்மேனுக்கு ஒரே குத்து. முதலாளி தரையில், பிரெட்டின் கையில் எலும்பு முறிவு.

நாடகமா என்றால், இல்லை. அந்தச் சமயம் ஒரு ஆவணப்படக் குழு பிரெட் பின்னாலேயே கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தது. முந்தைய பேச்சுவார்த்தையில் அவர் உடம்பில் மைக் இருந்தது. மெக்மேன் சம்மதித்தது பதிவாகியிருக்கிறது. இருந்தும் இதையெல்லாம் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பயனில்லை.

இதில் லாபம் யாருக்கு? மெக்மேனுக்குத்தான். மக்கள் தன்னை நிஜமாகவே வெறுக்கிறார்கள் என்று தெரிந்ததும் 'மிஸ்டர் மெக்மேன்' என்று தானே வில்லனாகி, ஸ்டீவ் ஆஸ்டினோடு மோதிக் கோடி கோடியாகச் சம்பாதித்தார். அந்த ஆஸ்டினையும் உருவாக்கியது பிரெட்தான் என்பேன். அதே வருடம் மார்ச் 23, கம்பெனியின் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸ்ல்மேனியாவின் 13-வது பதிப்பு. ரத்தம் வழிய வழியப் பிடியில் மயங்கினாரே தவிர, ஆஸ்டின் 'போதும்' என்று சொல்லவில்லை. வில்லனாக வந்தவர் நாயகனாகப் போனார், நாயகனாக வந்த பிரெட் வில்லனாகப் போனார். ரத்தம் அப்போது கம்பெனியில் தடை. இவர்கள் இருவரும் ரகசியமாகப் பேசிக்கொண்டு செய்தது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை: பிரெட் பக்கம் குறையே இல்லையா?

ஏன் இல்லை? தன்னைப் பற்றி மிகப் பெரிய எண்ணம். ரிக் ஃப்ளேர், டிரிபிள் ஹெச் என்று பலரையும் பேட்டிகளில் மட்டம் தட்டியிருக்கிறார். வில்லன்களை மன்னித்தாலும் சுமாராக ஆடியவர்களை மன்னிக்க மாட்டார். மாண்ட்ரியல் விஷயத்திலும், அவர் பேசாமல் தோற்றுவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. பெல்ட் அவருடையது இல்லையே, கம்பெனியுடையதுதானே? வாக்கு மீறியது மெக்மேனின் தப்பு. ஆனால் ஒரு தோல்வியை நாட்டின் மானமாக நினைத்தது பிரெட் தன் கதையைத் தானே நம்பிவிட்டதன் விளைவு.

ரா.செ., காரைக்கால்: தம்பி ஓவன் ஹார்ட் இறந்த செய்தி அந்த வயதில் பெரிய அதிர்ச்சி. அண்ணன், தம்பி உறவு எப்படி?

களத்தில் பகையாளிகள், வெளியே பிரியமானவர்கள். பன்னிரண்டு பேரில் ஓவன் கடைக்குட்டி. 1994 மார்ச் 20, ரெஸ்ல்மேனியா 10. முதல் மேட்சிலேயே அண்ணனைச் சுத்தமாகத் தோற்கடித்தார் ஓவன். அதே இரவின் கடைசி மேட்சில் யோகோசூனாவை வென்று பிரெட் உலகப் பட்டம் வாங்கினார். எல்லோரும் அவரைத் தூக்கிக் கொண்டாட, ஓவன் வழியில் நின்று முறைத்துக்கொண்டிருப்பார். அந்த முறைப்புக்காகவே மறுபடி பார்க்கலாம்.

1999 மே 23, கான்சஸ் சிட்டியின் கெம்பர் அரங்கம். கோமாளித்தனமான வேடம் ஒன்றில் அரங்கத்தின் உச்சியிலிருந்து கம்பியில் இறங்க வேண்டிய ஓவன், பிடி விடுபட்டுக் கீழே விழுந்து இறந்தார். வயது 34. அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். என்ன காரணம் சொன்னாலும் அது எனக்குச் செரிக்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டு, அடுத்த வருடம் 1.8 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

வே.சு., ஈரோடு: டபிள்யூசிடபிள்யூ போன பிறகு ஆளே காணோமே?

அவர்களுக்கு அவரை வைத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. மாண்ட்ரியலின் சூட்டோடு வந்தவரை முதலில் களத்தில்கூட இறக்காமல், ஒரு மேட்சுக்கு ரெஃப்ரி ஆக்கினார்கள்!

1999 டிசம்பர் 19-ம் தேதி கோல்ட்பர்க் என்ற வீரர் உதைத்த ஒரு உதை நேராகத் தலையில் விழுந்தது. மூளை அதிர்ச்சி. அது தெரியாமல் இன்னும் சில வாரம் ஆடினார். 2000-ல் ஓய்வு. யாரையும் காயப்படுத்தாததையே பெருமையாக நினைத்தவரின் தொழில், இன்னொருவரின் கவனக்குறைவில் முடிந்தது. கோல்ட்பர்க் பலமுறை வருத்தம் தெரிவித்துவிட்டார். பிரெட் இன்றுவரை அதை விடவில்லை, இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

2002 ஜூனில் கால்கரியில் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, பக்கவாதம். இடது பக்கம் செயலிழந்தது. மறுபடி நடக்கப் பழகி எழுந்து வந்தார். 2006-ல் பழைய கம்பெனியின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். அறிமுகம் செய்தவர் ஆஸ்டின். 2010 ஜனவரி 4-ம் தேதி மெக்மேனின் நிகழ்ச்சிக்கே வந்து, ஷானோடு கைகுலுக்கிக் கட்டிக்கொண்டார். 2016-ல் புரோஸ்டேட் புற்றுநோய் என்று அவரே அறிவித்து, சிகிச்சை எடுத்து மீண்டார்.

க.பா., திண்டுக்கல்: என் மகன் ஷார்ப்ஷூட்டர் பிடி போடக் கற்றுக்கொடுங்கள் என்கிறான். எப்படி?

மல்லாந்து கிடப்பவரின் இரு கால்களுக்கு நடுவே உங்கள் ஒரு காலை வைத்து, அவர் கால்களை அதில் பின்னி, கக்கத்தில் இடுக்கி, அப்படியே ஆளைக் குப்புறப் புரட்டி, மேலே குந்த வேண்டும். ஜப்பானில் ரிக்கி சோஷு பிரபலப்படுத்திய பிடி. 1991-ல் கம்பெனி இதைப் போடச் சொன்னபோது பிரெட்டுக்கே தெரியாதாம். கோனன் என்ற வீரர்தான் லாக்கர் ரூமில் காட்டினார். உங்கள் மகனிடம் தலையணையில் போட்டுப் பழகச் சொல்லுங்கள். வீட்டில் தங்கை இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்து வைத்துவிடுங்கள்.