நிறுத்தி வைத்த காரும் நிறுத்தி வைத்த டிரைவரும்: கிளப் ரேஸுக்குத் திரும்புகிறவர்கள் கேட்டவை

நான் ஆற்காட்டுக்காரன். 1996ல் மாருதி 800 வைத்து ஆரம்பித்து 2008 வரை சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் கிளப் ரேஸ் ஓட்டினேன். அப்புறம் அப்பாவின் உடம்பு, பிள்ளைகள் படிப்பு, தொழில் என்று அப்படியே நின்றுபோய், 2022ல் 51 வயதில்தான் மறுபடி ஹெல்மெட் மாட்டினேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரித்தாலும் எனக்கு எல்லாம் வட ஆற்காடுதான், அங்கிருந்து நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

காட்பாடி, வயது 46: அண்ணே, 2009ல் மாருதி எஸ்டீம் காரை விற்றுவிட்டேன். திரும்ப ஓட்ட ஆசை வந்துவிட்டது. நல்ல கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாமா?

வாங்காதீங்க தம்பி, இப்போதைக்கு. முதலில் ஒரு ரேஸ் வார இறுதிக்குச் சும்மா போய் பிட் பக்கம் (கார்களை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) இரண்டு நாள் நில்லுங்கள். நாம் ஓட்டிய காலத்து வகுப்புகளில், அதாவது ஒரே வகைக் கார்கள் மோதும் பிரிவுகளில், எது இருக்கிறது, எதில் பத்துப் பதினைந்து கார் நிற்கிறது, எதில் மூன்றே கார் என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தனியாக ஒரு வகுப்பில் ஓடி கோப்பை வாங்குவதில் எனக்கு ருசி இல்லை. இரண்டாவது, டீம்களிடம் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். கார், மெக்கானிக், டயர் எல்லாம் அவர்கள் பொறுப்பு, நீங்கள் ஹெல்மெட்டோடு போனால் போதும். கணக்குப் போட்டால் ஒரு ரேஸுக்கு அதிகம் என்று தோன்றும், ஆனால் சொந்தக் கார் வாங்கி நான்கு மாதத்தில் ஆசை தணிந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் வாடகை மலிவு. பழைய எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) லைசென்ஸ் அட்டை பீரோவில் இருந்தால் நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. மருத்துவச் சான்றிதழோடு புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ராணிப்பேட்டை: 2005ல் வாங்கிய ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் பரணில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு கீறல்கூட இல்லை. உபயோகிக்கலாமா?

கூடாது, இரண்டையும். ஓடு மட்டும் தலையைக் காப்பதில்லை, உள்ளே இருக்கிற தெர்மோகோல் மாதிரிப் பொருள்தான் அடியை வாங்கிக்கொள்வது, அது வியர்வையிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் தரம் கெட்டுப்போகலாம். வாங்கும்போது பின்பக்க முத்திரையைப் பாருங்கள், ஹெல்மெட்டைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ வரிசை அல்லது உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் 8859 இருக்க வேண்டும். ஸ்னெல் எம் என்று இருந்தால் அது பைக்குக்கு. கார் ஹெல்மெட்டுக்குத் தீ தாங்கும் சோதனை உண்டு, கார் உருண்டால் நம்மைக் காக்கும் ரோல் கேஜ் என்ற குழாய்க்கூண்டில் தலை மோதுவதற்கென்று தனிச் சோதனையும் உண்டு, பைக் ஹெல்மெட்டுக்கு அவை கிடையாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் மாட்ட இரண்டு பக்கமும் ஆணி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் காலத்தில் அது இல்லாமலேயே ஓட்டினோம், ஃபார்முலா ஒன்னிலேயே 2003ல்தான் கட்டாயமாக்கினார்கள். இன்றைக்கு அது இல்லாமல் நான் பிட்டை விட்டு வெளியே வரமாட்டேன்.

பெல்ட்டைப் பற்றி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மொட்டைமாடி அறையில் 14 வருடம் தொங்கிய என் பெல்ட் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. ஜன்னல் வெயில் பட்ட இடத்தை மடித்து விரலால் தேய்த்தேன், மஞ்சள் தூள் மாதிரி விரலில் ஒட்டியது. அத்தனையும் நூல். ஒரு டன் காரிலிருந்து நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டிய நூல் அது. எந்த வருடத்துக்குப் பிறகு செல்லாது என்று எஃப்ஐஏ பெல்ட்டின் லேபிளிலேயே அச்சடித்திருக்கும், அதைப் படித்தாலே போதும்.

வாலாஜா: என் ரேஸ் எஸ்டீம் 12 வருடமாக ஷெட்டில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. பேட்டரி மாற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா சார்?

தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள்! இந்த ஒரு கேள்விக்கு நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் செய்த தவறு இதுதான். நான் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தேன், டேங்க்கில் கோந்தாகிப்போன பெட்ரோல் பம்ப்பை அடைத்து, அப்புறம் இன்ஜெக்டர் வரைக்கும் போய்விட்டது.

முதலில் டேங்க்கைக் காலி செய்து இறக்கிக் கழுவுங்கள். பெட்ரோல் ரப்பர் ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, வீங்கி வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் ரேஸ் முடிந்தபின் மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்கும் பழக்கத்தையும் மறந்துவிடுங்கள். அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். என்னுடையதில் எலி கூடு கட்டி, கிழிந்த துணியும் புளியங்கொட்டையும் சேர்த்து வைத்திருந்தது, அதோடு ஒயரிங்கில் மூன்று இடத்தில் செம்பு தெரியக் கடித்திருந்தது. ஒயரை முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

அப்புறம் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் மேற்கொண்டு போகலாம். அந்த 1,298 சிசி இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்ல. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, 12 வருடம் நின்ற பெல்ட்டை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். தெருவில் ஓட்டும்போது இது தெரியாது. ட்ராக்கில் நான்காவது லாப்பில் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், அப்போதுதான் தெரியும். அதனால் ஆயில், ஹோஸ், கேலிபர் சீல், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதுசு. நான் ஒரு பட்டறையில் விட்டபோது பழைய ஆயிலுக்கு மேலேயே புதிதை ஊற்றி மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தால் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது. எனவே ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று, தெளிவாக வருகிறவரை பாருங்கள்.

டயர் பட்டன் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரை வைத்துக்கொள்ள வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2311 என்றால் 2011ஆம் வருடம் 23வது வாரம் செய்தது. அந்த டயரைத் தள்ளுவண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார். மறுபடி ரேஸ் ஓட்டப் போகிறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தடுக்கலாமா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தடுப்பதற்கு முன் அவரை நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இத்தனை டாக்டர்கள் இருக்கிற ஊரில் நாம் இருக்கிறோம். "மெடிக்கல் பாரத்தில் கையெழுத்து வேண்டும்" என்று கேட்காமல், "60 டிகிரிக்குச் சூடேறும் காருக்குள், மூன்று அடுக்கு துணி போட்டு, அரைமணி நேரம் இதயம் 150க்கு மேல் துடித்தால் இவருக்குத் தாங்குமா" என்று கேளுங்கள். ஈசிஜி போதாது, டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிஎம்டி எடுக்கச் சொல்லுங்கள். சில சுகர் மாத்திரைகள் போடுகிறவர்களுக்கு லோ சுகர் ஒரு தனி ஆபத்து, கை நடுக்கமும் வியர்வையும் ரேஸ் பதற்றம் என்றே தோன்றும், வித்தியாசம் தெரியாது. ஓட்டுவதற்கு முன் விரலில் குத்திப் பார்த்துக்கொள்வது அவசியம். நான் போன மே மாதம் ஒரு பயிற்சி நாளில் காலையிலும் மாலையிலும் எடை பார்த்தேன், நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தும் ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது. வேலூர் வெயிலில் வளர்ந்தவன் நான்.

இன்னொன்று, அவரிடம் சொல்லுங்கள்: கார் இன்சூரன்ஸ் ரேஸுக்குச் செல்லாது, சாதாரண விபத்துக் காப்பீடுகளிலும் பெரும்பாலும் ரேஸ் விலக்காகவே இருக்கும். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால், இந்த விவகாரமும் ஒழுங்காக இருந்தால், அவரோடு ஒருநாள் நீங்களும் ட்ராக்குக்கு வாருங்கள். ஆம்புலன்ஸ், ட்ராக் ஓரம் கொடி காட்டும் மார்ஷல், தீயணைப்பு எல்லாம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் குறையும். மீதிப் பாதி இருக்கட்டும், அது அவருக்கும் நல்லது.

குடியாத்தம், வயது 24: ட்ராக் தூரம் அண்ணா. ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் விடியற்காலை பழகலாமா?

கூடாது தம்பி. அந்த 14 வளைவிலும் எதிரே பால் வண்டி வரும், ஸ்கூல் பஸ் வரும். பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், அங்கே பழகுவது ரேஸுக்கு உதவவும் உதவாது. டயரின் எல்லையைத் தாண்டிப் பார்த்தால்தானே அது எங்கே இருக்கிறது என்று தெரியும்? அதைத் தாண்ட இடம் வேண்டும், மலைப்பாதையில் தாண்டினால் பள்ளம். வீட்டில் ஸ்டியரிங் வைத்துச் சிமுலேட்டரில் ஓட்டுங்கள், வழித்தடம், பொறுமை இரண்டும் அதில் வரும். பிரேக் பெடலின் உணர்வு மட்டும் வராது.

வேலூர், தோட்டப்பாளையம்: ரோல் கேஜை நம்ம ஊர் லேத் பட்டறையில் அடித்துவிடலாமா?

வெல்டர் கை நன்றாக இருந்தால் செய்யலாம், ஆனால் குழாய்தான் விஷயம். தண்ணீர்க் குழாயில் செய்யவே கூடாது, அது தகட்டை வளைத்து ஓரத்தை ஒட்டிய, தையல் போட்ட குழாய், அடிபட்டால் தையல் வழியே பிளக்கும். எஃப்ஐஏ விதிப்படி தலைக்குப் பின்னால் வரும் மெயின் வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50க்கு 2, தையல் இல்லாத குளிர்வழி இழுத்த குழாய். அதன் கால் நிற்கும் இடத்தில் தகட்டின் மேல் 3 மில்லிமீட்டர் கன பிளேட், குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர். வெல்டிங் முழுச் சுற்றும் வர வேண்டும், மேலே கூரைப் பக்கம் கை போகவில்லை என்று பாதி விடுவார்கள், அங்கே கண்ணாடி பிடித்துப் பாருங்கள். செய்வதற்கு முன்பே அந்த வகுப்பின் விதிப் புத்தகத்தோடு ஸ்க்ரூட்டினி பார்க்கிறவரிடம் (ரேஸுக்கு முன் காரைச் சோதிக்கிறவர்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆற்காடு, ஓய்வு பெற்றவர்: 1970களில் சோழவரத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவன் நான். அந்த ரேஸ் எல்லாம் எங்கே போயிற்று?

ஐயா, உங்கள் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், ரேஸுக்கென்று கட்டியதில்லை. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திக்கொண்டிருந்துவிட்டு, பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டருக்குச் சொந்த ட்ராக் போட்டது, 1990ல் திறந்தார்கள். கோயம்புத்தூர்க் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரைச் செய்யாவிட்டால் என்னைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. அவர் 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார், செட்டிபாளையம் ட்ராக்குக்கு அவர் பெயர்தான். நீங்கள் ஒரு நாள் வாருங்கள் ஐயா, நான் கூட்டிப் போகிறேன்.

ஆம்பூர், வயது 49: அடுத்த மாதம் முதல் பயிற்சி. 15 வருட இடைவெளி. முதல் நாள் எப்படி ஓட்டுவது, என்ன எடுத்துப் போவது?

கால் மறக்காது, அதுதான் தொந்தரவு. நீளமான நேர்பாதை முடிவில், பழைய காலத்தில் வளைவுக்கு இன்னும் 100 மீட்டர் என்று காட்டும் பலகையில் பிரேக் போடுவேன். 2022ல் மூன்றாவது லாப்பிலேயே கால் தானாக அந்தப் பலகை வரை காத்திருந்தது. டயர் இன்னும் சூடாகவில்லை, என் கண் வளைவின் உள்முனைக்குப் போகாமல் பலகையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நேராகப் புல்லுக்குள் போய் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்குப் பிறகு வரிசையை மாற்றினேன். முதல் ஐந்து லாப் 200 பலகையில் பிரேக், அடுத்த செஷன் 150, இரண்டாவது நாள்தான் அதற்குக் கீழே. ஸ்டாப்வாட்சை மெக்கானிக்கிடம் கொடுத்து நேரத்தைச் சொல்லாதே என்று சொல்லிவிடுங்கள். கண்ணைக் கொண்டுபோய் அடுத்த வளைவில் வைப்பது ஒன்றுதான் முதல் நாள் வேலை, அது திரும்ப வந்துவிட்டால் வேகம் பின்னாலேயே வரும். கொடிகளை முந்தின இரவு ஒருமுறை படியுங்கள். கருப்பில் ஆரஞ்சு வட்டத்தோடு உங்கள் நம்பர் காட்டினால் காரில் ஏதோ கோளாறு, உடனே பிட்டுக்கு வர வேண்டும்.

காரை லாரியில் ஏற்றி விடியற்காலை மூன்றரைக்கு ஆம்பூரை விட்டால் வாலாஜா, காவேரிப்பாக்கம், சுங்குவார்சத்திரம் தாண்டி ட்ராக் கதவு திறக்கும்போது போய்ச் சேரலாம். பையில் ஓஆர்எஸ், பருத்தி பனியன் இரண்டு, காற்றழுத்த கேஜ், பிரேக் ஆயில் ஒரு டப்பா. கூட ஒரு டார்க் ரெஞ்ச், அதாவது நட்டை அளவு வைத்து முறுக்கும் ஸ்பேனர். லாரியை விட்டு இறக்கியதும் வீல் நட் எல்லாவற்றையும் அளவு வைத்து முறுக்குங்கள், முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் மறுபடி ஒருமுறை நீங்களே உட்கார்ந்து முறுக்குங்கள், மெக்கானிக் முறுக்கியிருந்தாலும்.