பெயரை எடுத்துவிட்டு வந்தது யார்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 38 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆடிட்டர் ஆபீசுக்குக் கொடுத்துவரும் ஜிஎஸ்டி வேலையை இனி நானே பார்க்க வேண்டும், சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்று முதலாளி இரண்டு முறை சொன்னார். பயந்து மறுத்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. சின்ன வயதில் எதற்கு ஆசைப்பட்டாலும், 'உனக்கெதுக்கு அம்மணி இதெல்லாம், ஊர் சிரிக்கும்' என்பார் அப்பா. பள்ளி நாடகத்தில் சேர்ந்திருந்த என் பெயரைக்கூட எடுக்கவைத்தார். அவர் இறந்து பல வருடம் ஆகியும் அந்தக் குரல் காதில் கேட்கிறது. ஆன்லைனில் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியில் சேர்ந்து, தினமும் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று 21 முறை சொல்கிறேன். சொல்லி முடித்ததும் அழுகைதான் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் என்னைப் போலவே பயந்த சுபாவம். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள், மேடையில் திணறி அவமானப்படுவாளே என்று டீச்சரிடம் பேசி நான்தான் எடுத்துவிட்டேன். அடுத்த நிலைப் பயிற்சிக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காத ஒன்றுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அப்பாவுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். மகளுக்கு இரண்டு மூன்று வாக்கியம்தான், அதுவும் போகிற போக்கில். அந்த வாக்கியங்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"என்னைப் போலவே பயந்த சுபாவம்" என்கிறீர்கள். பயந்த பெண் எதற்குப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறாள்? டீச்சர் வற்புறுத்தினார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் தள்ளிவிட்டதாகவும் இல்லை. அவளாகக் கை தூக்கியிருக்கிறாள். பெரியாரைப் பற்றிப் பேச மூன்று பக்கம் எழுதி மனப்பாடமும் செய்திருந்தாள் என்று வேறோர் இடத்தில் சொல்கிறீர்கள். இதில் பயம் எங்கே இருக்கிறது? பயந்தது நீங்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், சொல்லுங்கள், ஒருவர் பற்றை இன்னொருவர் பேரேட்டில் ஏற்றலாமா?

ஈரோட்டுப் பெண், பெரியார் பற்றிய பேச்சு, அதை நிறுத்தியது ஊர் சிரிக்கும் என்ற பயம். இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

நாலு பேர் முன் பேச வராது என்கிறவர் பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சரைப் பார்த்து, காரணம் சொல்லி, அவரைச் சம்மதிக்கவைத்து, பெயரை அடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பேச்சு வந்தது எப்படி? வேண்டாம் என்று சொல்வதற்கு உங்களிடம் துணிச்சல் தாராளமாக இருக்கிறது. முதலாளியிடமும் இரண்டு முறை அதைத்தான் சொன்னீர்கள்.

தன்னம்பிக்கை இல்லை என்று வரும் கடிதங்களை வருடக்கணக்காகப் படித்துவருகிறேன். எல்லாவற்றிலும் ஓர் அப்பா இருப்பார், இல்லாவிட்டால் ஒரு கணக்கு வாத்தியார். உங்கள் அப்பா செய்தது தப்பு. அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அவர் உங்கள் பெயரை எடுக்கவைத்தார், நீங்கள் உங்கள் மகள் பெயரை எடுத்தீர்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியும் உங்கள் கண்ணில் படவில்லையே, அதுதான் எனக்கு ஆத்திரம். அப்பாவாவது தன் பிடிவாதத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்தாரோ என்னவோ தெரியாது. நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

மகள் பெயரை எடுப்பது பற்றிக் கணவரைக் கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்றாராம். அதைப் பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்ணைப் பெற்றவருக்கு அதில் ஓர் அபிப்பிராயம்கூட இல்லையா? சரி, அவரை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள் திணற மாட்டாள் என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் முறை மேடை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் திணறுவார்கள். நடுவில் மறந்துபோகும். பின் வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அவமானமே படாமல் பிள்ளையை வளர்ப்பதுதான் தாயின் கடமை என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பிள்ளை தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் வழக்கம்போல சோறு போட்டு, வழக்கம்போலப் பாத்திரம் கழுவச் சொல்வதுதான் கடமை. தோற்றது ஒரு சாவு வீட்டுச் செய்தி இல்லை என்பதை அவள் அப்படித்தான் தெரிந்துகொள்வாள்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். அழுகை வருவது உங்கள் குறை இல்லை. 2009-ல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களை, தங்களைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொல்லாதவர்களைவிட, சொன்னவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பது எதிர்வாதம் செய்கிறது. அதற்கும் முன்னால், 1977-லேயே ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 'இது என்னால் ஆகும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதிவைத்தார். எல்லாவற்றையும்விட வலுவானது, நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்குப் பலம் குறைவு. அந்தக் குறைந்த பலத்தைத்தான் 12,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். பார்த்துக் கற்பதற்கோ, உங்கள் மகளுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. இதுவரை அவள் என்ன பார்த்திருக்கிறாள் என்று யோசியுங்கள்.

அப்புறம் இந்த ஜிஎஸ்டி. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது நீங்கள், கொள்முதல் பில்களை 2பி-யோடு, அதாவது சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலோடு, ஒப்பிடுவதும் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆடிட்டர் ஆபீசில் மிச்சம் என்னதான் நடக்கிறது? மாதா மாதம் தாக்கல் செய்யும் கடைக்கு, விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரி கட்டும் ரிட்டர்னான 3பி 20-ஆம் தேதிக்குள். தப்பு வந்தால் கடையே மூழ்கும் என்கிறீர்கள். தேதி தவறினால் தாமதக் கட்டணம் நாளைக்கு 50 ரூபாய், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஜிஎஸ்டிஆர்-1-ல் ஒரு பில் தப்பாகப் போனால், 3பி போடும் முன் 1ஏ என்ற திருத்தப் படிவத்தில் திருத்தலாம், 2024-ல் இருந்து அந்த வசதி இருக்கிறது. அதையும் விட்டால் அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தலாம். 3பி மட்டும் அனுப்பியபின் திரும்பப் பெற முடியாது. பயப்படுவதானால் அந்த ஓர் இடத்தில் பயப்படுங்கள், அனுப்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: மூன்று மாதம் நான் தயார் செய்கிறேன், ஆடிட்டர் ஆபீஸ் சரிபார்த்துத் தாக்கல் செய்யட்டும், நாலாவது மாதத்திலிருந்து நான். சம்பளம் எவ்வளவு கூடும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். "பார்த்துச் செய்யறேன் அம்மணி" என்பார். தொகையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் அது இரண்டாவது வேலை. முதலில் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். "உன் நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "எனக்குப் பயமாக இருந்தது, அதனால் உன் பெயரை எடுத்துவிட்டேன், செய்தது தப்பு" என்று சொன்னால் போதும். இந்தப் போட்டி போனாலும் வேறு இருக்கிறது. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா பிறந்தநாட்களை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. எந்தத் தேதி, பள்ளியிலிருந்து யாரை அனுப்புகிறார்கள் என்று தமிழாசிரியருக்குத் தெரிந்திருக்கும். அவள் வேண்டாம் என்று சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள். இப்போது அப்படிச் சொல்லவும் அவளுக்கு நியாயம் இருக்கிறது. சேர்கிறேன் என்றால், பேச்சை நீங்கள் எழுதித் தராதீர்கள், திருத்தாதீர்கள், போட்டி அன்று கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.

அதற்கு முன், அந்த டீச்சரிடம் திரும்பப் போக வேண்டும். மகளையும் கூட அழைத்துப் போங்கள். பெயரை எடுத்தது நீங்கள், அதனால் அவளைப் பேசவிடாமல் நீங்களே பேசுங்கள்.