கிணற்று நீச்சல் மட்டும் தெரிந்தவர், வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில், பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங் பழக முடியுமா?

முடியும். நான் பழகினேன். ஆனால் நீச்சல்தான் தெரியுமே, அது போதாதா என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். நான் அப்படித்தான் இறங்கினேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கடல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் ராமேஸ்வரம் போய்க் கால் நனைத்ததுதான். நீச்சல் கற்றது அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில், ஏழு வயதில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு. ஒரே கோடை விடுமுறையில் குடுக்கையை அவிழ்த்துவிட்டு மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். வயசுக்கு வந்தபிறகு கிணற்றுப் பக்கமே விடவில்லை. அது அம்மாவும் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) எடுத்த முடிவு, அப்புச்சிக்கு அதில் இஷ்டமில்லை, ஆனாலும் எதுவும் பேசவில்லை. அதற்கப்புறம் பத்து வருஷம் தண்ணீரில் இறங்காமலே இருந்து, மேற்படிப்புக்கு சிட்னி போனேன்.

அங்கே வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து மேன்லி கடற்கரையில் இரண்டு மணி நேரப் பயிற்சிக்குப் பணம் கட்டினோம். சிட்னியின் சர்குலர் கீ படகுத்துறையில் ஃபெர்ரி ஏறினால் அரை மணி நேரத்தில் மேன்லி. 1964இல் முதல் உலக சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது அங்கேதான். பக்கத்திலேயே ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரை. ஹவாய்க்காரரான சர்ஃபிங் வீரர் டியூக் கஹானமோகு, பைன் மரத்தில் செதுக்கிய பலகையில் 1914 கடைசியில் அலைமேல் நின்று காட்டிய இடம், அவருக்கு அங்கே சிலையே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் முதல் முறையாகப் பலகையைத் தொடுகிறோம் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் அரை மணி நேரம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை, எல்லாம் மணலில்தான். தொடக்கக்காரர்களுக்கு எட்டடிக்குக் குறையாத, மேலே மெத்தென்று நுரை வைத்த பலகை தருவார்கள், பின்னங்கால் கணுக்காலில் லீஷ் என்ற கயிற்றைக் கட்டிவிடுவார்கள். எந்தக் கால் முன்னால் வரும் என்று பார்க்க, எதிர்பாராத நேரத்தில் முதுகில் லேசாகத் தள்ளினார்கள். எனக்கு வலது கால் முன்னால் போனது. அதற்கு கூஃபி என்று பெயராம், இடது கால் முன்னால் வந்தால் ரெகுலர். அப்புறம் குப்புறப் படுப்பது, நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றுவது, ஒரே எழும்பில் பக்கவாட்டாக நிற்பது, இதையே இருபது தடவை. தலைகீழாகக் குதிக்கவே கூடாது என்றார் பயிற்சியாளர். அடியில் மணல் திட்டு எந்த ஆழத்தில் இருக்கும் என்று தெரியாது, கழுத்து போய்விடும். விழுந்தால் உடம்பைப் பரப்பி விழ வேண்டும், மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கும் என்று தெரியாது.

அடுத்து அவர் சொன்னதைத்தான் இங்கே முக்கியமாக எழுத வந்தேன். கடலைக் காட்டி, எந்த இடம் பத்திரமாகத் தெரிகிறது என்று கேட்டார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கருத்து அமைதியாக இருந்தது. நான் அதைத்தான் காட்டினேன். கிணற்றில் பழகியவளுக்கு அமைதியான தண்ணீர்தானே நல்ல தண்ணீர்! அதுதான் ரிப், கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப உள்ளே ஓடுகிற வழி என்றார். அது இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதே, பலகையை விடாதே, மிதந்துகொண்டு கையைத் தூக்கு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது அப்புச்சி எங்களை நிறுத்திவைத்துச் சொல்வார்: "சாமி, தண்ணி இழுத்துச்சுன்னா எதுத்து நீந்தாத, அதுகூடவே போயி சாஞ்சாப்புல கரையப் புடி." வார்த்தைக்கு வார்த்தை அதே பேச்சு.

அன்றைக்கே அது தேவைப்பட்டது. இடுப்பளவுத் தண்ணீரில்தான் இருந்தேன். நாலு தடவை விழுந்த சோர்வில் கவனிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து போயிருக்கிறேன், திடீரென்று கால் எட்டவில்லை. கரையைப் பார்த்துக் கையை வீசத்தான் உடம்பு முதலில் துடித்தது. அந்த நேரத்தில் அப்புச்சி குரல்தான் காதில் கேட்டது. பலகைமேல் படுத்து இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன், பயிற்சியாளர் வந்து ஓரமாக இழுத்துப் போனார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பலகை அப்போது எனக்குச் சுரைக்குடுக்கைதான்.

திரும்பப் போக வேண்டாம் என்றுதான் தோன்றியது, ஆனாலும் போனேன். உடைந்து வரும் நுரை அலையில் அவர் பின்னாலிருந்து தள்ளிவிட, இந்த முறை காலைப் பார்க்காமல் கரையோரத்து நார்ஃபோக் பைன் மரங்களைப் பார்த்து எழுந்தேன். நின்றேன். மூன்று விநாடி, மிஞ்சினால் நாலு. பாதத்துக்கு அடியில் தண்ணீர் கரகரவென்று ஓடுவது பலகை வழியாகத் தெரிந்தது. அந்த உணர்ச்சிக்காகத்தான் அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் போனேன்.

ராத்திரி அப்புச்சிக்குப் போன் செய்து, "அப்புச்சி, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சனுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உன்னையக் கிணத்துப் பக்கம் விட்ருக்கோணும் கண்ணு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, கேட்டவருக்கு: ஆஸ்திரேலியாவில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் இருப்பது நீந்துகிறவர்கள் இடம், பலகையை அங்கே கொண்டு போகாதீர்கள். முதல் தடவை தனியாகப் போகவே வேண்டாம். வெயில் அடித்தாலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், வெட்சூட் என்ற ரப்பர் உடை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்க மூடும் என்பதால் உடையைப் பற்றித் தயங்குகிற பெண்களுக்கும் அது வசதி. விமானம் ஏறுவதற்கு முன்பே பழக வேண்டும் என்றால் கோயம்புத்தூரில் ராத்திரி ரயில் ஏறிச் சென்னையில் இறங்குங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் இருக்கிறது, அங்கே மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே தமிழில் சொல்லித் தருகிறார்கள்.